முன் தீர்ப்பின் பலமும் பாலாற்றுக் கரையும்

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரையில் இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒரு குடியானவர், தம் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் பயிர் கருகிவிட்டதென்று கோர்ட்டில் பிராது கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எதிர்க்கட்சியில் தோல் பதனிடும் சாலையின் முதலாளி நிற்கிறார். அவருடைய வக்கீல் எழுந்து மூன்று கேள்விகளைக் கேட்கக்கூடும். சுத்தமான தண்ணீருக்கு இந்த மனிதருக்கு என்ன பாத்தியதை? எங்கள் தொழிலால் தீங்கு நேரும் என்று விஞ்ஞானிகள் திட்டமாக நிரூபிக்காதவரையில் எங்களைத் தடுக்க எவருக்கு அதிகாரம்? தீங்கு நேர்ந்ததென்றே கொண்டாலும், மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

இவை அற்பமான கேள்விகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஆதியிலிருந்து விடை தேடப் புகுந்தால், குடியானவர் முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து டில்லிவரை நடந்து முடிப்பதற்குள் அவருடைய பேரன் தலைப்பட்டுவிடுவான். ஆனால் இன்று அவர் அவ்விதம் நடக்க வேண்டியதில்லை. அவருடைய வக்கீல், 1996-ம் வருஷம் ஆகஸ்ட் 28-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பொன்றை எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும். அந்த மூன்று கேள்விகளும் அங்கே தீர்ந்து கிடக்கின்றன. கோர்ட்டில் அமர்ந்திருக்கும் நியாயாதிபதிக்கு அத்தீர்ப்பு பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், அவர் அதற்குக் கட்டுப்பட்டவரே. இதைத்தான் கட்டுப்படுத்தும் முன் தீர்ப்பு என்று சட்ட நிபுணர்கள் கூறுகிறார்கள்.

தமிழில் ‘வழக்கு’ என்ற ஒரே சொல், உலகத்தார் நெடுநாளாகக் கைக்கொண்டு வரும் நடைமுறையையும் குறிக்கிறது. நியாயஸ்தலத்தில் நடக்கும் விவகாரத்தையும் குறிக்கிறது. நேற்றுத் தீர்த்த விதமே இன்றைய விவகாரத்திற்கும் வழி காட்ட வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்க்குப் புதிதல்ல என்பதை இச்சொல்லே காட்டுகிறது என்று நாம் கருதுகிறோம். ஆனால் ஒரு கோர்ட்டின் தீர்ப்பு மற்றெல்லாக் கோர்ட்டுகளையும் சட்டமாகக் கட்டும் என்ற திட்டமான விதி, ஆங்கில ஆட்சியோடு இந்நாட்டிற்கு வந்தது. அது வந்த விதம் நமக்குப் பெருமை தருவதன்று. கடல் கடந்து லண்டனில் இருந்த பிரிவி கௌன்சில் கனவான்கள் சொன்னதே இங்கே சட்டமாயிற்று.

ஆயினும் அந்தக் கௌன்சிலிலும் சில வேளைகளில் நல்ல தீர்ப்புகள் பிறந்ததுண்டு. ராமநாதபுரம் ஜமீன் வழக்கில், புருஷன் உயிருடன் இருக்கையில் அனுமதி கொடாதிருந்தும், அவன் மரணத்துக்குப் பின் பந்துக்களின் சம்மதத்தோடு விதவை ஸ்வீகாரம் செய்துகொள்ளலாம் என்று 1868-ம் வருஷத்தில் பிரிவி கௌன்சில் முடிவு செய்தது. எழுதப்பட்ட சாஸ்திர வாக்கியத்தைக் காட்டிலும், தெளிவாக ருஜுப்பிக்கப்பட்ட நாட்டு வழக்கமே வலியது என்றும் அது கூறிற்று. அன்று முதல் திராவிட தேசத்தில் எத்தனையோ குடும்பங்களின் சொத்து விவகாரங்கள் அந்த ஒரு தீர்ப்பைக் கொண்டே தீர்க்கப்பட்டன. ராமநாதபுரத்து ராணியின் வழக்கு, சேலத்து மிராசுதாரின் வழக்கையும் தீர்த்தது. முன் தீர்ப்பின் உபயோகம் இன்னதென்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

பிறகு 1935-ம் வருஷத்திய இந்திய சர்க்கார் சட்டத்தின் 212-வது பிரிவு, பிரிவி கௌன்சிலும் பெடரல் கோர்ட்டும் கூறும் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவின் கோர்ட்டுகள் அனைத்தையும் கட்டும் என்று எழுத்தில் விதித்தது. சுயராஜ்யம் வந்தபின் 1949-ம் வருஷத்துச் சட்டத்தால் பிரிவி கௌன்சிலின் அதிகாரம் நீங்கிற்று. 1950 ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 141-வது ஷரத்து, ஸுப்ரீம் கோர்ட்டு பிரகடனம் செய்யும் சட்டம் இந்தியாவின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. அடுத்துள்ள 144-வது ஷரத்தை நம்மவர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கோர்ட்டுகள் மாத்திரமல்ல, சிவில் அதிகாரிகள் அனைவரும் ஸுப்ரீம் கோர்ட்டுக்குத் துணையாக நடக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. கலெக்டரும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இஞ்சினீயரும் இதற்கு விலக்கல்ல.

இனி வேலூர் வழக்குக்கு வருவோம். 1991-ம் வருஷத்தில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற ஸ்தாபனம், 32-வது ஷரத்தின்படி ஸுப்ரீம் கோர்ட்டில் நேராக மனுச் செய்தது. பாலாற்றுப் பிரதேசத்துத் தோல் சாலைகள் சுத்திகரிக்காத கழிவு நீரை ஆற்றிலும், வயலிலும், வாய்க்காலிலும், வெளியிலும் விடுகின்றன என்பது புகார். ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது; குரோமியத்தைக் கொண்டு பதனிடும் முறையில் சுமார் 170 வகை ரசாயனப் பொருள்கள் உபயோகமாகின்றன; தோல் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 86,000 ஏக்கர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது. தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலையின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த இந்த 35,000 என்ற கணக்கைத் தீர்ப்பே எடுத்துக் கூறுகிறது. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட ஊர்கள் இவை. பட்டைச் சாயம் ஆற்றில் கலந்ததும் தீங்குதான். குரோமியமும் உப்பும் கலந்தது வேறு வகைத் தீங்கு.

மறுபக்கத்தையும் கோர்ட்டு மறக்கவில்லை. நாட்டிற்கு அன்னியச் செலாவணி ஈட்டித்தரும் பெரிய தொழில் இது; முடிவுற்ற தோல் ஏற்றுமதியில் அக்காலத்தில் சுமார் நூற்றுக்கு 80 பங்கு தமிழ்நாட்டினது; ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு இதுவே கஞ்சி. இதையெல்லாம் ஒப்புக்கொண்டபின், தொழில் வளர்வது வேண்டும், ஆனால் சுற்றுப்புறத்தை அழித்து வளரும் உரிமை அதற்கு இல்லை என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமர்ந்த மூன்று நீதிபதிகள் முடிவு செய்தனர். தீங்கு நேருமுன் தடுப்பது சர்க்காரின் கடமை. விஞ்ஞான நிச்சயம் இல்லை என்பது தடுப்பதைத் தள்ளிப்போடக் காரணமாகாது. தம் தொழில் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பாரம் தொழில் நடத்துபவர் தலையிலேயே விழும். கெடுத்தவர் கெட்டவர்களுக்கு ஈடு செய்வதோடு நில்லாமல் கெட்ட மண்ணையும் நீரையும் திருத்தும் செலவையும் ஏற்க வேண்டும். இவை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று கோர்ட்டு பிரகடனம் செய்தது. ஐந்து ஜில்லாக்களின் தோல் சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நஷ்டத்தைக் கணக்கிட ஓர் அதிகார சபையை ஏற்படுத்தச் சொல்லிற்று. மேற்பார்வையைச் சென்னை ஹைக்கோர்ட்டில் தனியே அமைக்க வேண்டிய ‘பசுமை பெஞ்சு’க்கு ஒப்படைத்தது.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். சட்டசபையில் எழுதாத இந்தச் சட்டத்தை மூன்று நீதிபதிகள் எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? நியாயமான கேள்வி. இதற்கு விடையாக உள்ளதே முன் தீர்ப்புகளின் சங்கிலி. அதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பிடித்துப் பார்ப்பது பிரயோஜனமானது.

ராமநாதபுரம் வழக்குத் தீர்ந்த அதே 1868-ல், இங்கிலாந்தில் ஒரு மில் முதலாளி தேக்கிவைத்த தண்ணீர் அயலானுடைய சுரங்கத்தில் புகுந்த வழக்கையும் பிரபுக்கள் சபை தீர்த்தது. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவன், அது வெளியேறிச் செய்யும் தீங்குக்கு, தன் அஜாக்கிரதை இல்லாவிட்டாலும் உத்தரவாதி என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் அந்த விதிக்குத் தெய்வச் செயல், அன்னியன் செயல், கட்சிக்காரனுடைய சம்மதம் என்று பல ஓட்டைகள் ஏற்பட்டுவிட்டன. 1985-ல் டில்லியில் ஓலியம் என்னும் விஷ வாயு கசிந்தது. அந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துவோரின் பொறுப்புக்கு அந்த ஓட்டைகள் எதுவும் கிடையாது என்று 1986 டிசம்பரில் பிரதம நீதிபதி பகவதி தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்மானித்தனர். ஆங்கிலேயர் விதியை நாம் பின்பற்றியே ஆகவேண்டும் என்பதில்லை என்று அவர்கள் சொன்னது தேசாபிமானிகளுக்கு மகிழ்ச்சி அளிக்கத்தக்கது.

இந்த இடத்தில்தான் சங்கிலி அறுந்துபோக இருந்தது. டில்லி வழக்கில் கோர்ட்டு கொள்கையைக் கூறிற்றேயன்றி, நஷ்ட ஈட்டுத் தொகையைத் தானே விதிக்கவில்லை. போபால் விவகாரம் 1991-ல் மறுபடி ஸுப்ரீம் கோர்ட்டில் வந்தபோது, பிரதம நீதிபதி ரங்கநாத மிஸ்ரா, டில்லித் தீர்ப்பில் கூறியது வழக்கின் முடிவுக்கு அவசியமில்லாமல் போகிறபோக்கில் சொன்ன அபிப்பிராயமே என்று எழுதினார். இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் முன் தீர்ப்பு முறையின் உயிர்நிலை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஒரு தீர்ப்பில் நீதிபதி எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் பிறரைக் கட்டாது. எந்தக் காரணத்தைக் கொண்டு முடிவு செய்தாரோ அந்தக் காரணமே கட்டும். மற்றவை மரியாதைக்குரிய வார்த்தைகள், அவ்வளவே. டில்லித் தீர்ப்பின் கொள்கை வெறும் மரியாதைக்குரிய வார்த்தையாக ஒதுக்கப்பட்டிருக்குமானால், பாலாற்றுக் குடியானவர் மறுபடியும் 1868-ம் வருஷத்து ஆங்கிலச் சுரங்கத்திற்குள்ளேதான் இறங்கியிருக்க வேண்டும்.

அவ்விதம் நேரவில்லை. ராஜஸ்தானத்தில் உதயபூர் அருகே பிச்ரி என்னும் கிராமத்தில் ரசாயனத் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில், 1996 பிப்ரவரியில் நீதிபதி ஜீவன் ரெட்டி இந்தப் பிரச்னையை நேராக எடுத்து ஆராய்ந்தார். டில்லித் தீர்ப்பின் கொள்கை போகிறபோக்கில் சொன்னதல்ல, கட்டுப்படுத்தும் சட்டமே என்று முடிவு செய்து, கெடுத்தவரே திருத்தும் செலவை ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆறு மாதம் கழித்து வேலூர் வழக்குத் தீர்ப்புக்கு வந்தபோது, பிச்ரி தயாராக இருந்தது. பிச்ரி கிராமத்தாருக்கும் ஆம்பூர் விவசாயிக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆயினும் அவர்கள் ஜெயித்தது இவர் ஜெயிக்க வழி செய்தது.

இன்னொரு கண்ணியும் உண்டு. சென்னை ராஜ்யத்தில் காவலில் வைக்கப்பட்ட ஏ. கே. கோபாலன் 1950-ல் தொடுத்த வழக்கில், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் 21-வது ஷரத்துக்கு ஸுப்ரீம் கோர்ட்டு மிகக் குறுகிய பொருள் கூறிற்று. சட்டசபை செய்த சட்டத்தின் வழியே நடந்தால் போதும், அச்சட்டம் நியாயமானதா என்று கேட்பதற்கில்லை என்பது அதன் சாரம். 1978-ல் மேனகா காந்தி வழக்கில் அந்தப் பொருள் கைவிடப்பட்டது. அதன்பின்தான் உயிர் வாழும் உரிமை என்பதில் சுத்தமான நீரும் காற்றும் அடங்கும் என்று 1991-ல் பீகார் சம்பந்தமான சுபாஷ் குமார் வழக்கில் கோர்ட்டு கூற முடிந்தது. அந்த வழக்கின் விசித்திரத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மனுதாரர் பொது நலத்துக்காக அல்ல, சொந்த லாபத்துக்காக வந்தவர் என்று கண்டு கோர்ட்டு மனுவைத் தள்ளிவிட்டது. தோற்ற மனுதாரரின் வழக்கிலிருந்து கோடிக்கணக்கான மக்களுக்கு உதவும் கொள்கை கிடைத்தது. அது முடிவுக்கு அவசியமான வார்த்தைதானா என்று கண்டிப்பான வக்கீல் ஒருவர் கேட்கலாம். பிந்திய தீர்ப்புகள் பல அதை ஏற்று உறுதிப்படுத்திவிட்டதால் இன்று அந்தக் கேள்விக்குப் பலமில்லை.

கோபாலன் தீர்ப்பை மாற்றியதைச் சுட்டி, ஸுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்பை மாற்றுமாயின் கட்டுப்பாடு என்பது என்ன என்று சிலர் ஆக்ஷேபிப்பார்கள். கீழ்க் கோர்ட்டுகளைக் கட்டும் 141-வது ஷரத்து ஸுப்ரீம் கோர்ட்டையே கட்டாது என்பது 1955-ல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் தீர்ந்த விஷயம்; அவ்வழக்கில் கோர்ட்டு இரண்டே வருஷத்துக்கு முந்திய தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1898 முதல் தன் தீர்ப்புக்குத் தானே அடிமையாக இருந்து, 1966-ல்தான் அந்தத் தளையை விட்டது. ஆனால் மாற்றுவதற்கும் முறை உண்டு. இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து ஐந்து நீதிபதிகளின் முடிவைத் தள்ள முடியாது. சந்தேகம் இருந்தால் பெரிய பெஞ்சுக்கு அனுப்ப வேண்டும். நடைமுறையில் இந்த முறை சில வேளைகளில் மீறப்படுகிறது. ஒத்த பலமுள்ள இரு பெஞ்சுகள் எதிரெதிராகத் தீர்ப்பளித்து, கீழ்க் கோர்ட்டு நியாயாதிபதியைத் திண்டாட வைக்கின்றன. இது குறையே. நம் நாட்டுத் தீர்ப்புகளின் தொகை பெருகப் பெருக இக்குறையும் பெருகுகிறது.

முன் தீர்ப்பு முதலாளிக்கு அநீதி செய்கிறதா? இல்லை என்பது நமது அபிப்பிராயம். 1996-ம் வருஷத் தீர்ப்பு எந்தக் குறிப்பிட்ட சாலை எந்தக் கிணற்றைக் கெடுத்தது என்று சொல்லவில்லை. எங்கள் கழிவு நீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது, அந்தக் கிணறு எங்களுக்கு மேட்டுப்புறத்தில் இருக்கிறது என்று முதலாளி சாட்சியத்தோடு காட்டினால், நியாயாதிபதி அதைக் கேட்டே ஆகவேண்டும். கொள்கை முன்னரே தீர்ந்தது. சங்கதிகள் அன்றைய வழக்கிலேதான் தீரும். கண்டிப்பாக நடக்கும் முதலாளிக்கு இதில் லாபமும் உண்டு. ஒரு கோர்ட்டில் ஒரு சட்டமும் அடுத்த கோர்ட்டில் வேறு சட்டமும் இருந்தால், சுத்திகரிப்புக்குப் பணம் செலவிட்டவர் அசடராகவும், இரவில் ஆற்றில் திறந்துவிட்டவர் சமர்த்தராகவும் ஆகிவிடுவார்கள்.

வேலூர்த் தீர்ப்பு வேலூரோடு நிற்கவில்லை. திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் நொய்யலைக் கெடுத்த வழக்கிலும் அதே கொள்கை கொண்டு ஸுப்ரீம் கோர்ட்டு 2009-ல் முடிவு கூறிற்று. உத்தரவுகள் மீறப்பட்டதைக் கண்டு சென்னை ஹைக்கோர்ட்டு 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. 2010-ல் பார்லிமெண்டு செய்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-வது பிரிவு, முன்னெச்சரிக்கை, கெடுத்தவர் ஈடு செய்தல் ஆகிய அதே கோட்பாடுகளைத் தீர்ப்பாயம் கையாள வேண்டும் என்று விதிக்கிறது. நீதிபதிகள் சொன்னதை, சட்டம் செய்வோரே பின்னால் எழுதிக்கொண்டார்கள்.

இவ்வளவு கீர்த்தி பெற்ற தீர்ப்பு, பிறந்த ஊரில் என்ன பலன் தந்தது? இதைச் சொல்லாமல் விட்டால் நாம் வாசகருக்குத் துரோகம் செய்தவராவோம். அதிகார சபை ஏற்பட்டது. 2001 மார்ச்சில் அது சுமார் 29,000 பேருக்கு, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தோல் சாலைகள் சுமார் 26 கோடி ரூபாய் தர வேண்டும் என்று கணக்கிட்டது. பிறகு கோர்ட்டுகளில் வருஷங்கள் ஓடின. சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆனால் ஆறு தெளியவில்லை. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிய தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். தோல் சாலைத் தொழிலாளியையும் விவசாயியையும் எதிரிகளாக்கிப் பேசுவோர் இந்தச் சம்பவத்தை நினைவிற் கொள்ள வேண்டும். 2025 ஜனவரி 30-ந் தேதி, நீதிபதிகள் பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் இந்தப் பாலாற்று விவகாரத்தில் மறுபடியும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஈடு கிடைக்காதவர்களுக்குச் சர்க்கார் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஒரு முறை பணம் கட்டியதால் பொறுப்பு தீராது, கெட்டது திருந்தும் வரையில் அது தொடரும். ஓய்வு பெற்ற ஹைக்கோர்ட்டு நீதிபதி தலைமையில் ஒரு குழு மேற்பார்வை செய்ய வேண்டும் என்பவை அவர்கள் உத்தரவின் முக்கிய அம்சங்கள். 1996-க்கும் இதற்கும் இடையில் 28 வருஷத்துக்கு மேல் கழிந்துவிட்டது.

கொள்கை கட்டுப்படுத்திற்று, கட்டளை நிறைவேறவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதை அரசியல் ஊழியர்கள் உணர வேண்டும். கோர்ட்டுகள் 141-வது ஷரத்துக்குப் பெரும்பாலும் பணிந்தே நடந்தன. 144-வது ஷரத்தைத்தான் உத்தியோகஸ்தர்கள் உறங்கவிட்டார்கள்.

மக்களைக் கட்டும் சட்டம் மக்கள் பாஷையில் இல்லாததும் இதற்கு ஒரு காரணம். வேலூர்த் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஸுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்புகளை மாகாண பாஷைகளில் மொழிபெயர்த்து வெளியிட 2019-ல் ஏற்பாடு செய்தபோது, முதற் பட்டியலில் தமிழ் இடம் பெறவில்லை. தமிழ்நாட்டில் ஆக்ஷேபம் கிளம்பிய பிறகே சேர்க்கப்பட்டது. தம் கிணற்றைப் பற்றி நாட்டின் தலைமைக் கோர்ட்டு என்ன சொல்லியிருக்கிறது என்பதை ஒரு குடியானவர் தாமே படித்துத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால், தாலூகா கச்சேரியில் குமாஸ்தா சொல்வதுதான் அவருக்குச் சட்டம்.

திருப்பத்தூர் தாலூகா 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. பிறகு வடாற்காடு, பிறகு வேலூர், 2019 நவம்பர் முதல் தானே ஒரு ஜில்லாத் தலைநகர். ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது அதில் அடங்கும். ஜில்லா பிரிந்தபோது தஸ்தாவேஜுகளும் கச்சேரிகளும் பிரிந்தன. ஈடு பெற வேண்டியவர் பெயர் எந்தக் கச்சேரிப் பட்டியலில் இருக்கிறது என்பதை அவரவரே விசாரித்து அறிய வேண்டியிருக்கிறது. இப்பகுதி வக்கீல்களும் விவசாய சங்கத்தாரும் 2001-ம் வருஷத்துப் பட்டியலின் நகலைப் பெற்று, கிராமம் கிராமமாகச் சர்வே நம்பரோடு ஒத்துப் பார்த்து, விடுபட்டவர்களுக்கும் இறந்தவர்களின் வாரிசுகளுக்கும் 2025-ம் வருஷத்திய உத்தரவைக் காட்டி மனு எழுதிக் கொடுக்கும் வேலையை இப்போதே தொடங்கலாம். பாத்தியதை உண்டா என்று அந்த மனுவில் வாதிக்க வேண்டியதில்லை. அது 1996-லேயே தீர்ந்துவிட்டது.